மோட்டாரில் குறையா, ஆளில் குறையா

ஜோசப், போன வாரம் நம் பட்டறைக்கு வந்த பம்புசெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கொண்டு வந்தவரிடம், "இதுல ஒண்ணுமே இல்லீங்க, ஓட்டுறவங்க சரியா ஓட்டல" என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் தோட்டத்தில் அந்த பம்புசெட்டை ஓட்டுகிற ஆள் யார் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அந்த ஆளுக்கு என்ன ஆயிற்றோ, அதுவும் தெரியாது.

வாயால் சொன்னால் நமக்குள் வாக்குவாதமாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நீ படி, உன் தங்கை ஸ்டெல்லாவும் படிக்கட்டும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. ஸ்பேனர் பிடிக்கிற விதத்தை எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது வேறு.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆவூரில் எட்டாவது வரை படித்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்து, ஒரு பஸ் பட்டறையில் ஓரளவுக்குக் கை தேறியிருந்த காலம். எங்கள் முதலாளியின் சிநேகிதர் ஒருவர் கடற்கரைப் பக்கம் சில படகுக்காரர்களுக்கு அவுட்போர்டு மோட்டார் விற்றிருந்தார். படகின் பின்பக்கப் பலகையில் கவ்வ வைத்து மாட்டுவார்களே, அந்தச் சின்ன மோட்டார். தலையில் பெட்ரோல் டேங்க் இருக்கும், கீழே தண்ணீருக்குள் விசிறி இருக்கும். கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். அதில் பழுது வந்தால் எங்கள் பட்டறையிலிருந்து யாராவது போக வேண்டும் என்று ஏற்பாடு.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். இப்போது நம் மாவட்டம்தான், அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. அங்கே ஒரு மோட்டார் கடலில் பாதி வழியில் நின்று நின்று போகிறது என்று சொல்லி, எங்கள் பட்டறையின் பெரிய மெக்கானிக் ஒருமுறை போய்வந்திருந்தார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். காது வைத்தே பேரிங்கின் கோளாறைச் சொல்லிவிடுவார். அவர் திரும்பி வந்து, "மோட்டார்ல ஒண்ணும் இல்ல, கிளீன் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றார். ஆனால் சில வாரத்தில் மறுபடி ஆள் வந்தது, அதே புகார். இந்தத் தடவை பெரியவருக்கு வேறு வேலை இருந்ததால் முதலாளி என்னை அனுப்பினார்.

"புது பிளக்கு ரெண்டு கொண்டு போ. மாட்டிட்டு சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்துரு" என்றார்.

முதல் பஸ்ஸில் அறந்தாங்கி போய், அங்கிருந்து மாறி, கடைசியில் மணலில் நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடற்கரையில் எனக்காகவே ஒரு கூட்டம் காத்திருந்தது. ஒரு மோட்டாரைப் பார்க்க இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அவர்கள் மோட்டாரைப் பார்க்க வரவில்லை.

படகுக்குச் சொந்தக்காரரை அந்தப் பக்கம் சம்மாட்டி என்பார்கள். இந்தச் சம்மாட்டியின் பெயர் நாகலிங்கம். நல்ல உயரம், குரலை ஏற்றாமலே பேசுகிறவர். அவர் படகின் மோட்டாரை ஓட்டுகிறவர் காளிமுத்து. வயது நாற்பதுக்கு மேல். கூட்டத்தை விட்டுத் தள்ளி, கவிழ்த்து வைத்த படகு ஒன்றின் நிழலில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

நாகலிங்கம் விஷயத்தைச் சொன்னார். மற்ற படகுகள் பாய் விரித்து மெதுவாக வந்து சேர்வதற்கு முன்னால், மோட்டார் படகு ஏலத்துக்கு மீனைக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்காகத்தான் மோட்டாரே வாங்கியது. ஆனால் அவர் படகு மற்ற படகுகளுக்கும் பின்னால் வருகிறது. கேட்டால் மோட்டார் நின்றுவிட்டது என்கிறார் காளிமுத்து. ஆனால் கரைக்குக் கொண்டுவந்து இழுத்தால் முதல் இழுப்பிலேயே கிளம்புகிறது.

"நானே ரெண்டு தடவ கூடப் போனேன் தம்பி. நான் இருந்தா நிக்கல. இவரு தனியாப் போனா மட்டும் நிக்குது. நடுக்கடல்ல மோட்டார நிறுத்திப்புட்டு வேற வள்ளத்துக்கு மீன மாத்தி விடுறாருன்னு ஊரே பேசுது. ஒங்க பெரிய மெக்கானிக்கும் வந்து மோட்டார்ல ஒண்ணும் இல்லேன்னுட்டாரு. இன்னைக்குப் பொழுது சாயக் கூட்டம் போட்டிருக்கு. அதுக்குள்ள நீங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சு போச்சு."

என்ன முடிந்து போகும் என்று கேட்டேன்.

"பெறகு இந்தக் கரையில எந்தச் சம்மாட்டியும் இவர வள்ளத்துல ஏத்த மாட்டான்."

பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கே போய் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரத்தில், பார்த்த இடத்தில், அந்த மோட்டாரில் ஒன்றும் இல்லை. ஆனால் "மோட்டாரில் ஒன்றும் இல்லை" என்றால் கேட்கிறவர்களுக்கு அதன் மறுபாதியும் சேர்ந்தே கேட்கிறது.

மோட்டாரைத் தூக்கி வந்து, பாதி வெட்டிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதில் மாட்டினோம். எங்கள் பட்டறையில் எப்போதும் செய்கிற முறை அதுதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கொஞ்சம் கரி இருந்தது. புதிதை மாட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். சுத்தம். டேங்கின் மூடியைத் திறந்து சாக்கின் மேல் வைத்துவிட்டு, உள்ளே பெட்ரோல் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

ஒரே இழுப்பில் கிளம்பியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் வெற்றிலை போட்டு முடித்துத் துப்பிவிட்டு வந்தார்கள். அப்போதும் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, இப்ப நிக்க மாட்டேங்குது? சொந்தக்காரங்கள எல்லாம் பாத்து வெக்கப்படுதோ?" என்று ஒருவன் காளிமுத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான். அவன் பெயர் வீரையா, நாகலிங்கத்தின் அக்கா மகன். அவருடைய பாய்ப் படகு ஒன்றில் வலை இழுக்கிறவன். கூட்டம் சிரித்தது.

எல்லோரும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காளிமுத்து மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மோட்டாரை நிறுத்தினேன். "சொல்லுங்க தம்பி. மோட்டார்ல கொறையா, ஆள்ல கொறையா?" என்றார் நாகலிங்கம்.

பிள்ளைகளே, நாக்கின் நுனியில் அந்த வாக்கியம் வந்து நின்றது. எனக்குத் தொழில் கற்றுத் தந்தவரும் அதையே சொல்லியிருக்கிறார். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இத்தனை பேர் கேட்டு நிற்கும்போது "தெரியவில்லை" என்று சொல்வது மெக்கானிக்குக்கு எவ்வளவு வெட்கம் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தேன். புகார் என்ன? கடலில் நிற்கிறது என்பது. நான் பார்த்தது என்ன? பீப்பாயில் ஓடுகிறது என்பது. இரண்டும் வேறு வேறு.

"கரையில ஓடுதுங்க. கடல்ல ஓடுதான்னு நான் இன்னும் பாக்கல" என்றேன்.

"அதான் நான் பாத்தேனே!"

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கணும்ல?"

நாகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. நான் காளிமுத்து நின்ற நிழலுக்குப் போனேன். அந்த மனிதரிடம் இத்தனை நாளில் எல்லோரும் ஏன் நிறுத்தினாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நான் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"அண்ணே, அது எப்படி நிக்குது? பட்டுன்னு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?"

"இழுத்துத்தான் தம்பி. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். பெறகு மூச்சு முட்டுனவன் மாதிரி சத்தம் மெலிஞ்சு மெலிஞ்சு அமுங்கிரும். பெட்ரோல் தீந்துருச்சான்னு மூடியத் தெறந்து பாப்பேன். இருக்கும். மூடிட்டு இழுத்தா ஓடும். கொஞ்ச தூரம் போயி மறுபடி அதே மாதிரி."

"எப்பவுமேவா? நிக்காம ஓடுன நாளே இல்லையா?"

"இருக்கே. சம்மாட்டியோட சின்னம்மா செத்தப்ப அவுக வீட்டுல தீட்டு. அந்தத் தீட்டுக் கழியிற வரைக்கும் ஒரு தடவகூட நிக்கல. சம்மாட்டி கூட வந்தது அப்பத்தான். எனக்கே புரியல. ஊருக்கு எப்படிப் புரியும்?"

எனக்கும் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. பிளக்குக்குப் போகிற கரண்டு அறுந்தால் மோட்டார் சட்டென்று நிற்கும். மெலிந்து மெலிந்து நிற்கிறது என்றால் பெட்ரோல் வருவது குறைகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, குழாய் சுத்தமாக இருக்கிறது, பிறகு ஏன் இறங்கவில்லை? பொய் சொல்கிற ஆள் இந்த மாதிரிப் பொய்யைக் கட்ட மாட்டான் என்றும் பட்டது. பொய் என்றால் அவர் தனக்கு வசதியாகச் சொல்லியிருப்பார். தீட்டு நாளில் நிற்கவில்லை என்பது அவருக்கே எதிரான சாட்சி.

நாகலிங்கத்திடம் போய், "தினமும் தொழிலுக்குப் போறப்ப என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யணும். காளிமுத்தண்ணன்தான் ஓட்டணும். கூட ஒங்க ஆள் ஒருத்தரும் வரட்டும்" என்றேன். அவர் வீரையாவை அனுப்பினார்.

சொன்னபடி எல்லாம் நடந்தது. மோட்டாரைப் படகில் மாட்டினார்கள். டேங்கை மூடினார்கள். நாகலிங்கத்தின் மனைவி செல்லம்மா ஒரு கிண்ணத்துடன் வீட்டிலிருந்து வந்தார். முப்பது வயதிருக்கும். படகின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பின்பக்கம் வந்து மோட்டாரின் தலையிலும் வைத்துவிட்டு, கடலைப் பார்த்துக் கும்பிட்டார். தினமும் படகு இறங்குமுன் அவர்கள் வீட்டில் செய்வது அது. நானும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினேன்.

உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் குளம் நிறைந்தாலே அதிசயம். நான் அன்றுதான் முதன்முதலாகக் கடலில் இறங்கினேன். அலை ஒன்றும் பெரிதாக இல்லை, அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியானதுதான். ஆனாலும் கரை சிறுத்ததும் பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

"மெக்கானிக்கு, மோட்டாருக்கு முன்னாடி நீங்க நின்னுருவீங்க போலிருக்கே!" என்றான் வீரையா. காளிமுத்துவிடமும் ஒரு வார்த்தை விட்டான். "அண்ணே, எந்த எடத்துல நிக்கச் சொல்லியிருக்கீங்க மோட்டார? சொன்னீங்கன்னா மெக்கானிக்கு வாயக் கொப்புளிச்சுத் தயாரா இருப்பாரு."

காளிமுத்து, "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கே மோட்டார் நின்றாலும் வீரையா என்ன சொல்வான்? அவர்தான் நிறுத்தினார் என்பான். நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்? அதனால், "அண்ணே, நீங்க முன்னால போய் ஒக்காருங்க. வீரையா, நீ வந்து பிடி" என்றேன்.

"நானா?"

"ஒனக்கு ஓட்டத் தெரியாதா?"

"ஏன் தெரியாம?" என்று ரோஷத்தோடு வந்து கைப்பிடியைப் பிடித்தான். காளிமுத்து எழுந்து போய், படகின் மறுகோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். சத்தம் மெலிந்தது. வீரையா கைப்பிடியை முறுக்கினான். இன்னும் மெலிந்தது. இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. அலை படகில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யய்யா, நான் ஒண்ணும் பண்ணல! சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல!" என்றான் வீரையா. அவன் முகம் வெளுத்துவிட்டது.

காளிமுத்து திரும்பாமலே சொன்னார். "நானும் இதத்தான் சொன்னேன்டா."

அவர் எழுந்து வந்தார். பழக்கத்தில் கை நேராக டேங்க் மூடிக்குப் போனது. "தொடாதீங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

ஏன் கத்தினேன் என்று எனக்கே அந்த விநாடியில்தான் விளங்கியது. நின்றுபோன ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் செய்வது மூடியைத் திறப்பது. திறந்து மூடினால் ஓடுகிறது. பீப்பாயில் நான் ஓட்டியபோது மூடி சாக்கின் மேல் கிடந்தது, பெரியவர் ஓட்டியபோதும் அப்படித்தான் கிடந்திருக்கும். அதுதான் எங்கள் பட்டறை வழக்கம். அப்போதெல்லாம் நிற்கவில்லை.

மூடியைத் தொடாமலே கயிற்றை இழுக்கச் சொன்னேன். வீரையா இழுத்தான். கிளம்பவில்லை. மறுபடி மறுபடி இழுத்தான், வியர்த்துக் கொட்டியது, கிளம்பவில்லை. பிறகு நான் காதை டேங்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது.

டேங்கிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க வேண்டும் என்றால், இறங்கிய இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள். அந்தத் துளையின் மேல், கட்டை விரலால் அழுத்தி வைத்த சந்தனப் பொட்டு வெயிலில் காய்ந்து இறுகி உட்கார்ந்திருந்தது. காளிமுத்து தினமும் கரைக்கு வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் மோட்டாரைக் கழுவிவிடுவார். அப்போது பொட்டும் போய்விடும். மறுநாள் காலையில் புதுப் பொட்டு. தீட்டு என்றால் பொட்டு கிடையாது. அன்று மோட்டார் மூச்சு விட்டது.

சட்டையில் குத்தியிருந்த ஊசியால் துளையைக் குத்திவிட்டு மூடினேன். இழுத்ததும் கிளம்பியது. வீரையா வாயைப் பிளந்து பார்த்தான். "சரியாப் போச்சு, திரும்பிருவோம். பொழுது சாயப் போகுது. கூட்டத்துல உக்காந்திருப்பாக" என்றார் காளிமுத்து.

நான் திரும்பவில்லை. மூடியில் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் குழைத்து அதே துளையில் மறுபடி அப்பி, அதே மாதிரி ஓட்டச் சொன்னேன். ஒரு தடவை ஓடிவிட்டால் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள், பிள்ளைகளே. பழுதை நீங்களாகக் கூப்பிட்டு வரவழைக்க முடிந்தால்தான் அது உங்கள் கைக்குள் வந்தது என்று அர்த்தம். காளிமுத்துவுக்கு நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் பொறுத்துக்கொண்டார். மோட்டார் மெலிந்து, இருமி, நின்றது. துளையைக் குத்தினோம், ஓடியது. அதற்கு மேல் எங்கும் நிற்கவில்லை.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். கரை தெரிகிற தூரத்தில் காளிமுத்து வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, ஒரு ஒதவி. மோட்டார்ல கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லுங்க. செல்லம்மா பொட்டு வச்சதச் சொல்லாதீங்க."

"ஏண்ணே?"

வீரையாவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது ரெண்டாந்தாரமா வந்த புள்ள. அது வந்த வருஷம் பெரிய வல ஒண்ணு எரிஞ்சு போச்சு. அப்பயே ராசி இல்லாதவன்னு பேசுனாக. இப்ப இதுவும் தெரிஞ்சா என்னைய விட்டுட்டு அதப் பிடிச்சுக்குவாக. நல்ல மனசோட வச்ச பொட்டு தம்பி அது."

திருட்டுப் பட்டம் சுமந்து நிற்கிற மனிதர், அதை இறக்கி வைக்க வழி கிடைத்த நேரத்தில் இதைச் சொன்னார். அவர் கேட்டபடி மறைத்துவிடலாம். ஆனால் நாளைக் காலையில் அந்தப் பெண் மறுபடி மூடியில் பொட்டு வைப்பார், மோட்டார் மறுபடி நிற்கும், பழி மறுபடி இவர் தலையில் ஏறும். சபையில் போட்டு உடைத்தால் ஓர் ஆளைக் காப்பாற்றி இன்னொரு ஆளை மாட்டிவிட்டதாகும். ரிப்பேர் என் வேலை, மற்றது எனக்கெதற்கு என்று பஸ் ஏறவும் முடியாது. பழுதைக் கண்டுபிடித்த ஆளுக்கு அதை எப்படிச் சொல்வது என்பதும் வேலைதான்.

கரையேறியதும் வீரையாவிடம், "ஒங்க அத்தைய இங்கிட்டு வரச் சொல்லு. கூட்டத்துக்கு நான் இதோ வாரேன்னு சொல்லிட்டு வா" என்றேன். வாய்த்துடுக்கு எல்லாம் போய், அவன் ஓடினான்.

செல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. டேங்க் மூடியைக் கையில் கொடுத்து, "இந்தத் துளை தெரியுதாம்மா? மோட்டாருக்கு இதுதான் மூக்கு. இது வழியாத்தான் மூச்சு விடுது" என்றேன்.

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கட்டை விரலைப் பார்த்தார். சந்தனம் இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப காளிமுத்தண்ணன ஊரு பேசுன பேச்செல்லாம் என் வெரலாலயா?"

"தெரியாம வச்சதும்மா. கூட்டத்துல ஒங்க பேர் வராம நான் பாத்துச் சொல்றேன். நாளையில இருந்து வேற எடத்துல வைங்க, போதும்" என்றேன்.

"எப்படிச் சொல்லுவீக?"

"காத்துப் போற துளையில அழுக்கு அடைச்சிருந்துச்சுன்னு."

"அழுக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் நான் எவ்வளவு தவறாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்தார். காளிமுத்து, "தாயி, வேணாம், நில்லு" என்று பின்னாலேயே போனார். நானும் ஓடினேன்.

கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்பதோடு சரி, பேசுவது வழக்கமில்லை. செல்லம்மா நேராக நடுவில் போய் நின்றார். ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன மெக்கானிக்கு, மோட்டார்ல கொறையா, ஆள்ல கொறையா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்" என்றார் செல்லம்மா. "மோட்டார்லயும் கொறை இல்ல, காளிமுத்தண்ணன்கிட்டயும் கொறை இல்ல. மோட்டாரோட மூக்கு இங்கன இருக்கு. தெரியாம அதுமேல சந்தனத்த வச்சு அடைச்சது நான். வீரையா கையிலயும் நின்னுருக்கு, கேட்டுப் பாருங்க."

வீரையா எழுந்து, "ஆமா, என் கையிலதான் நின்னுச்சு. அண்ணன் அந்தக் கோடியில ஒக்காந்திருந்தாரு" என்றான். பின்வரிசையில் யாரோ ராசியைப் பற்றி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "ராசியும் இல்ல கீசியும் இல்ல, துளைய அடைச்சா ஒன் மூக்கும் நிக்கும்!" என்று வீரையாவே திரும்பி ஒரு அதட்டு அதட்டினான். அத்தோடு அந்தப் பேச்சு அமுங்கியது.

ஊர்ப் பெரியவர் மூடியை வாங்கிப் பார்த்தார், துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். மூடி ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. எல்லோரும் ஊதிப் பார்த்தார்கள். கடைசியில் அது நாகலிங்கத்திடம் வந்தது. அவர் ஊதவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார்.

"காளிமுத்து, ஊருக்கு முன்னாலதான் ஒன்னைய மீனு மாத்துறவன்னு சொன்னேன். அதே ஊருக்கு முன்னால சொல்றேன், நான் சொன்னது தப்பு. காலையில வள்ளத்த எறக்கு."

காளிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் வர மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

"எறக்குறேன். ஆனா செல்லம்மா வந்து பொட்டு வைக்காம எறக்க மாட்டேன்" என்றார்.

நாகலிங்கம் மனைவியைப் பார்த்தார். செல்லம்மா தலைச் சேலையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மெக்கானிக்கு ராத்திரி இங்கனயே தங்கட்டும். மோட்டாருக்கு நெத்தி எதுன்னு காலையில காட்டிட்டுப் போகட்டும்."